கலிலியோவைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், மேகம் இல்லாத சனிக்கிழமை இரவுகளில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வானம் பார்ப்பது என் வழக்கம். கலிலியோவின் கதையை அங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். கூட வரும் பெற்றோர், பள்ளியில் இதைப் பாடமாக நடத்தும் நண்பர்கள், எல்லோரையும்விட அதிகமாகப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை.

முதல்முறை சொல்லப்போகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். கலிலியோ கலிலி 1564 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் பைசா நகரில் பிறந்தார். மருத்துவம் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே கணிதத்தின் பக்கம் திரும்பினார். பதுவா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். 1609இல் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதாடியதற்காக 1633இல் ரோமில் விசாரிக்கப்பட்டு, 1642 ஜனவரி 8 அன்று, புளோரன்ஸ் நகரை ஒட்டிய ஆர்ச்செத்ரியில் வீட்டுக்காவலிலேயே இறந்தார்.

எந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்?

ஆறு வயதிலேயே தொடங்கலாம், ஆனால் அந்த வயதில் நிலா மட்டும் போதும். வியாழனின் நிலவுகளை எட்டு, ஒன்பது வயதில் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். விசாரணைக் கதையைப் பதினோரு வயது வரை தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் சொன்னால் "நல்லவர் ஒருவர், கெட்டவர்கள் பலர்" என்பது மட்டுமே மனதில் தங்கும். அவர் என்ன பார்த்தார் என்பது மறந்துபோகும்.

பிறந்த ஊர், அப்பா பெயர் என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்.

1609 நவம்பரில் வந்த ஒரு கடிதத்தாளில், வெனிஸுக்குப் போனால் வாங்க வேண்டிய சாமான்களைக் கலிலியோ எழுதிவைத்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. கொண்டைக்கடலை, அரிசி, உலர்திராட்சை, சர்க்கரை, மிளகு, கிராம்பு, பட்டை, சோப்பு, ஆரஞ்சு, தந்தச் சீப்பு இரண்டு என்று போகிறது பட்டியல். மகன் வின்சென்சோவுக்கு அப்போது மூன்று வயது. அவனுக்குச் சின்னக் காலணியும் ஒரு தொப்பியும். அதே சீட்டில் பீரங்கிக் குண்டு இரண்டு, ஆர்கன் வாத்தியத்தின் தகரக் குழாய் ஒன்று, தேய்த்துச் சமமாக்கிய ஜெர்மன் கண்ணாடி, உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகள், மெருகேற்றும் பொடி, பிசின்.

இதை நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டு, "இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது?" என்று கேளுங்கள். ஒரு பையன் எங்களிடம் "சண்டை" என்றான். "கல்யாணமும் சண்டையும்" என்றாள் அவன் தங்கை. கொஞ்சநேரம் யோசிக்க விட்டு, அப்புறம் அவிழ்த்துவிடுங்கள். பீரங்கிக் குண்டு, கண்ணாடியைக் குழிவாகத் தேய்க்க. பொடி, அதை மெருகேற்ற. ஆர்கன் குழாய், இரண்டு லென்ஸையும் இரு முனைகளில் பொருத்த. வீட்டுக்குக் கொண்டைக்கடலை வாங்கிவந்த அதே நடையில், உலகம் அதுவரை பார்த்திராத வானத்தைப் பார்ப்பதற்கான சாமான்களையும் ஒரு மனிதர் வாங்கி வந்திருக்கிறார். இந்த ஒரு சீட்டைக் கேட்ட பிள்ளைக்கு அவர் பாடப்புத்தகத் தாடிக்காரராக இருப்பதில்லை.

தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

இல்லை. 1608 அக்டோபரில் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். செய்தி வெனிஸ் வரை வந்தது. தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் குழாய் ஒன்று இருக்கிறது என்று 1609இல் கேள்விப்பட்ட கலிலியோ, தானே செய்து பார்த்தார். முதலில் மூன்று மடங்கு பெரிதாக்கியது. ஆகஸ்டில் எட்டு மடங்கு. அதை வெனிஸ் ஆட்சிமன்றத்தாரிடம் காட்டி, கிட்டத்தட்ட இரட்டிப்புச் சம்பளமும் ஆயுள்வரை வேலையும் பெற்றார். ஆண்டு முடிவதற்குள் இருபது மடங்குக்கு வந்துவிட்டார்.

வானத்தை நோக்கித் திருப்பியதில்கூட அவர் முதல் ஆள் இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் அதே 1609 கோடையில் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து ஒரு படம் வரைந்திருக்கிறார்.

"கண்டுபிடித்தார்" என்று சொல்லிக்கொடுப்பதைவிட "கேள்விப்பட்டதைச் செய்தார், செய்ததைச் சீராக்கினார்" என்று சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறது. தாங்களும் செய்யலாம் என்று தோன்றுகிறது.

நிலாவில் அவர் புதிதாக என்ன பார்த்துவிட்டார்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில் வழியில் படித்தவர்களுக்கு நிலா, வானத்துப் பொருள் எல்லாவற்றையும்போல, குறையே இல்லாத வழவழப்பான உருண்டை. பூமி மட்டும்தான் மேடு பள்ளம். மேலே எல்லாம் சுத்தம். கலிலியோ பார்த்தது மலைகளையும் குழிகளையும். பூமியைப் போலவே இன்னொரு கரடுமுரடான இடம்.

எப்படித் தெரிந்தது? இங்கேதான் பிள்ளைகளைக் கைவேலையில் இறக்க வேண்டும். ஒரு தட்டில் சப்பாத்தி மாவைப் பரப்பி, விரலால் குழிகளும் சின்ன மேடுகளும் செய்யச் சொல்லுங்கள். விளக்கை அணையுங்கள். செல்போன் டார்ச்சைத் தட்டின் விளிம்போடு ஒட்டி, படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் நீளமான நிழல் விழும். குழிகளில் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகும். அப்படியே டார்ச்சை மெல்ல உயர்த்தித் தலைக்கு மேலே கொண்டுவந்தால் நிழல்கள் சுருங்கி, குழிகளே காணாமல்போன மாதிரி ஆகிவிடும். இதனால்தான் மலையும் குழியும் பார்க்கப் பௌர்ணமி சரிவராது, வளர்பிறை அஷ்டமிதான் நல்ல நாள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி எல்லாமே எழுந்து நிற்கும்.

அந்தக் கோட்டுக்கு அப்பால், இருட்டுப் பகுதிக்குள்ளே, தனித்தனியாக ஒளிப்புள்ளிகள் இருப்பதைக் கலிலியோ கண்டார். நேரம் போகப் போக அவை பெரிதாகி வெளிச்சப் பகுதியோடு சேர்ந்தன. மலையடிவாரத்தில் விடியலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கீழே இருட்டாக இருக்கும்போதே உச்சியில் வெயில் பட்டுவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் என்றால் இன்னொரு படி போகலாம். அப்படி ஒரு புள்ளி, கோட்டிலிருந்து நிலாவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரத்தில் இருந்தது. நிலாவின் விட்டம் 2000 மைல் என்று கலிலியோ வைத்துக்கொண்டார். அப்படியானால் ஆரம் 1000, தூரம் 100. செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்து பித்தாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள். கர்ணம் கிட்டத்தட்ட 1005 வரும். ஆகவே மலையின் உயரம் நான்கு மைலுக்கு மேல். பள்ளியில் வெறும் எண்ணாகப் படித்த தேற்றம், நிலாவில் இருக்கும் ஒரு மலையை அளந்துவிடுகிறது. இதைப் போட்டு முடித்ததும் ஒரு பெண் நோட்டை மூடிவிட்டு எதுவும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்; எனக்கு அந்த ஒரு நிமிடம் மறக்காது.

வியாழனின் நிலவுகள் ஏன் அவ்வளவு முக்கியம்? இதை எப்படி விளக்குவது?

இதுதான் முழுக் கதையின் நெஞ்சு. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். விளக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கலிலியோவின் குறிப்புகளை நாள்வாரியாகக் கரும்பலகையில் போடுங்கள். வட்டம் வியாழன், நட்சத்திரக்குறி அருகே தெரிந்த புள்ளி. இடப்பக்கம் கிழக்கு.

1610 ஜனவரி 7: ★ ★ ○ ★
ஜனவரி 8: ○ ★ ★ ★
ஜனவரி 9: மேகம்
ஜனவரி 10: ★ ★ ○

ஏழாம் தேதி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றும் தூரத்து நட்சத்திரங்கள், தற்செயலாக ஒரே கோட்டில் நிற்கின்றன என்று நினைத்தார். எட்டாம் தேதி மூன்றும் மேற்கே. அப்படியானால் வியாழன் கிழக்காக நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் கோள்கள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அட்டவணைப்படி அது அப்போது மேற்காக நகர வேண்டும். அட்டவணை தப்போ என்று யோசித்தார். ஒன்பதாம் தேதி ஆவலோடு காத்திருந்தார், மேகம் மூடிவிட்டது. (இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் "அய்யோ" என்பார்கள். மழைக்கால மொட்டை மாடியில் அந்த வலி அவர்களுக்குத் தெரியும்.) பத்தாம் தேதி இரண்டுதான் இருந்தன, அதுவும் கிழக்கே. மூன்றாவது வியாழனுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும்.

இங்கே நிறுத்திவிட்டு, "நகர்வது யார்? வியாழனா, புள்ளிகளா?" என்று கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். பத்தாம் தேதிதான் கலிலியோவும் நகர்வது புள்ளிகள் என்று புரிந்துகொண்டார். பதினொன்றாம் தேதி, இவை வியாழனைச் சுற்றுகின்றன என்று முடிவுக்கு வந்தார். பதின்மூன்றாம் தேதி நான்காவது புள்ளியும் தெரிந்தது:

ஜனவரி 13: ★ ○ ★ ★ ★

மார்ச் 2 வரை இப்படிக் குறித்துக்கொண்டே போய், மார்ச் 13 அன்று வெனிஸில் 'சிடேரியஸ் நுன்சியஸ்' என்ற சிறு நூலாக வெளியிட்டார். 550 பிரதிகள் அச்சிட்டார்கள்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம்? பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸை அன்று மறுத்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: பூமி ஓடுகிறது என்றால் நிலா எப்படிக் கூடவே வரும்? பின்தங்கிப் போகாதா? நியாயமான கேள்வி. ஆனால் வியாழன் நகர்கிறது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். நகரும் வியாழன் தன் நான்கு நிலவுகளையும் தொலைக்காமல் கூட்டிக்கொண்டு போகிறது. அப்படியானால் பூமியாலும் முடியும். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற பேச்சும் அன்றோடு முடிந்தது, ஏனென்றால் இந்த நான்கும் பூமியைச் சுற்றவில்லை.

அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற இன்றைய பெயர்களைக் கலிலியோ வைக்கவில்லை. அவர் புளோரன்ஸின் மெடிசி குடும்பத்தார் பெயரை வைத்தார். இப்போதைய பெயர்கள் 1614இல் சைமன் மாரியஸ் வெளியிட்டவை.

சாய்ந்த கோபுரத்திலிருந்து இரண்டு குண்டுகளைப் போட்டது நிஜமா?

அவர் இறந்தபின் சீடர் விவியானி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில்தான் இந்தக் கதை வருகிறது. கலிலியோவின் எழுத்தில் இல்லை. பல வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. கதையைச் சொல்லுங்கள், ஆனால் "சீடர் எழுதிவைத்த கதை" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

அவர் நிச்சயமாகச் செய்த சோதனை சாய்வுப் பலகை. குண்டு செங்குத்தாக விழும் வேகத்தை அளக்க அன்று கடிகாரம் இல்லை. ஆகவே சரிவில் மெல்ல உருட்டி, ஒரு பாத்திரத்திலிருந்து சன்னமாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, அதை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார்.

வீட்டில் இதைச் செய்ய ஏழடி நீளத்தில் பள்ளமுள்ள ஏதாவது ஒரு சட்டம் வேண்டும். நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய் நன்றாக உதவும். ஒரு முனையைச் சுமார் அரையடி உயர்த்தி, கோலிக்குண்டை விடுங்கள். ஒருவர் சீராகத் தாளம் போட, மற்றவர் ஒவ்வொரு தட்டுக்கும் குண்டு எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். முதல் தட்டில் ஒரு சாண் ஓடினால், இரண்டாவதில் மூன்று சாண், மூன்றாவதில் ஐந்து சாண் ஓடும். ஒன்று, மூன்று, ஐந்து. கூட்டினால் ஒன்று, நான்கு, ஒன்பது. முதல் முயற்சியில் கணக்கு முன்னே பின்னே இருக்கும், உயரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நாலைந்து முறை உருட்டியபின் கோடுகள் ஓரிடத்தில் சேர ஆரம்பிக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் விட்டதைக் காட்டுங்கள். காற்றில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. ஸ்காட் கலிலியோவின் பெயரைச் சொல்லித்தான் அதைச் செய்தார்.

சூரியனைப் பார்த்துத்தான் அவருக்குக் கண் போனதா?

பல பாடங்களில் இப்படிச் சொல்லப்படுகிறது. சூரியப் புள்ளிகளை அவர் அதிகமாகக் கவனித்தது 1612இல். பார்வை முழுதாகப் போனது 1638 வாக்கில், 74 வயதை ஒட்டி. நடுவே 25 ஆண்டுகளுக்கு மேல். முதுமையில் வந்த கண்நோயே காரணமாக இருக்க வேண்டும். சூரியப் புள்ளிகளுக்கு அவருடைய மாணவர் காஸ்தெல்லி ஒரு நல்ல வழி கண்டிருந்தார். தொலைநோக்கியின் பின்னால் ஒரு தாளைப் பிடித்து, சூரியனின் பிம்பத்தை அதில் விழவைத்து, அதன்மேலேயே வரைவது.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சூரியனைப் பைனாகுலர் வழியாகவோ தொலைநோக்கி வழியாகவோ ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. நிரந்தரமாகப் பார்வை போகும், வலிகூடத் தெரியாது. பகலில் பைனாகுலரைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அட்டையில் ஊசித்துளை போட்டு எதிர்ச்சுவரில் விழும் வட்டத்தைப் பார்த்தால் போதும்.

பூமி உருண்டை என்று சொன்னதற்காகத் தண்டித்தார்களா?

இல்லை. பூமி உருண்டை என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். தகராறு, பூமி நகர்கிறதா என்பதில்.

கூடவே இன்னொரு குழப்பம்: கலிலியோவை எரித்துக் கொன்றார்கள் என்று சிலர் சொல்வார்கள். 1600இல் ரோமில் எரிக்கப்பட்டவர் ஜியோர்டானோ புரூனோ.

விசாரணையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்களே.

நடந்ததை நடந்தபடி, முழுதாகச் சொல்லுங்கள். பாதியாகச் சொன்னால்தான் யாருக்காவது மனம் புண்படும்.

1543இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்து நூல் எழுதினார். அவரே ஒரு பேராலயத்தின் நிர்வாகத்தில் இருந்தவர். 1616இல் அந்த நூலைத் திருத்தும்வரை யாரும் படிக்கக் கூடாது என்று திருச்சபை நிறுத்திவைத்தது. கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து, இந்தக் கருத்தைக் கைவிடும்படி எச்சரித்தார். இதே பெல்லார்மின் ஒரு வருடம் முன்பு எழுதிய கடிதத்தில், பூமி நகர்வதற்கு உண்மையான நிரூபணம் கிடைத்தால் வேதத்தை நாம் புரிந்துகொண்ட விதத்தைக் கவனமாக மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று அப்படிப்பட்ட நிரூபணம் கையில் இல்லை என்பதும் உண்மை. வெள்ளியும் நிலாவைப் போலப் பிறையிலிருந்து முழுவட்டம் வரை வளர்ந்து தேய்கிறது என்று கலிலியோ கண்டது, பூமியை நடுவில் வைத்த தாலமியின் பழைய அமைப்பைத் தகர்த்தது. ஆனால் டைக்கோ பிராஹே சொன்ன வேறொரு அமைப்பில், பூமி அசையாமல் நின்றாலும் வெள்ளிக்குப் பிறைகள் வரும். பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறித் தெரிவதை ஜெர்மன் வானியலாளர் பெசல் அளந்து காட்டியது 1838இல்தான்.

1632இல் கலிலியோ மூன்று பேர் உரையாடும் வடிவில் ஒரு பெரிய நூலை, லத்தீனில் எழுதாமல், மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் வெளியிட்டார். அப்போதைய போப் எட்டாம் அர்பன் ஒரு காலத்தில் அவருடைய அபிமானி. போப்புக்குப் பிடித்தமான வாதத்தை, அந்த மூவரில் எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாத சிம்ப்ளிச்சியோவின் வாயில் கலிலியோ வைத்திருந்தார். நட்பு முறிந்தது. 1633 ஜூன் 22 அன்று, 69 வயதில், மண்டியிட்டுத் தன் கருத்தை மறுத்து அறிக்கை வாசிக்க வேண்டியதாயிற்று. நூல் தடைசெய்யப்பட்டது, அவருக்கு ஆயுள்காவல்.

இதை நான் அநியாயம் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒரு கருத்துக்காக ஒரு கிழவரை மண்டியிட வைத்தது அநியாயம். அதோடு இதையும் சொல்கிறேன்: தீர்ப்பளித்த பத்து கர்தினால்களில் ஏழு பேர்தான் கையெழுத்திட்டார்கள். கலிலியோ கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். 1992இல் போப் இரண்டாம் ஜான் பால், அன்று நீதிபதிகள் செய்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கலிலியோ பாடம் நடத்திய பதுவா, நம் ஊர்க் கோயில்களில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றும் பதுவை அந்தோணியாரின் அதே ஊர்தான். இதைச் சொன்னால் கிறிஸ்தவப் பிள்ளைகளின் முகம் மலரும்.

"ஆனாலும் அது நகர்கிறது" என்று எழுந்திருக்கும்போது முணுமுணுத்தாராமே?

அவர் காலத்தில் யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. அச்சில் அந்தக் கதை வருவது 1757இல். நீதிபதிகள் எதிரே அப்படிச் சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பது சந்தேகம்தான்.

நம் ஆரியபட்டர் முன்பே சொல்லிவிட்டாரே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. 476இல் பிறந்த ஆரியபட்டர், 499ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று தெளிவாகச் சொன்னார். அதற்கு அவர் தந்த உவமை அழகானது: ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதுபோலத் தெரிகின்றன, அதேபோல இலங்கையில் இருப்பவர்களுக்கு அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன. (இங்கே இலங்கை என்பது நிலநடுக்கோட்டில் ஓரிடத்துக்கு வானியலார் வைத்த பெயர்.) ரயில் ஜன்னலில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது உடனே புரியும்.

ஆனால் தன்னைத்தானே சுற்றுவது வேறு, சூரியனைச் சுற்றி வருவது வேறு. ஆரியபட்டர் சொன்னது முதலாவது. இரண்டாவதைக் கிரேக்கத்தில் அரிஸ்டார்க்கஸ் முன்பே யோசித்திருந்தார். கோப்பர்நிக்கஸ் கணக்கோடு எழுதினார். கலிலியோ தொலைநோக்கியில் தெரிந்ததை வைத்து வாதாடினார். யார் முந்தி என்ற போட்டியாக இதை நடத்தாமல், யார் எதைச் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்கப் பழக்கினால் ஆரியபட்டருக்கும் அது மரியாதை.

அவருடைய குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லலாம்?

அப்பா வின்சென்சோ கலிலி, லூட் என்ற நரம்பு வாத்தியக் கலைஞர். நரம்புகளில் எடையைத் தொங்கவிட்டு ஸ்வரம் எப்படி மாறுகிறது என்று சோதித்தவர். செய்து பார்க்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. வீணையோ வயலினோ படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மரினா காம்பா என்ற பெண்ணோடு கலிலியோவுக்கு மூன்று பிள்ளைகள். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த பெண்கள் இருவரையும் சிறுவயதிலேயே ஆர்ச்செத்ரியில் ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டார். அன்றைய வழக்கம் என்றாலும், அந்தப் பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் கோபப்படுவார்கள், படட்டும்.

மூத்தவள் விர்ஜீனியா, மடத்தில் மரியா செலஸ்தே. அப்பாவுக்கு அவள் எழுதிய 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அப்பா எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை. அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டிகளைத் தைத்துக் கொடுத்தாள், நாரத்தை வகைப் பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு அனுப்பினாள், கையெழுத்துப் பிரதிகளை எழுதிக்கொடுத்தாள். தண்டனையின் ஒரு பகுதியாக, மூன்றாண்டுகள் வாரம் ஒருமுறை விவிலியத்தின் சங்கீதப் பாடல்களில் ஏழைச் சொல்ல வேண்டும் என்று கலிலியோவுக்கு உத்தரவு. அதை அவருக்குப் பதிலாகத் தான் சொல்வதாக அவள் ஏற்றுக்கொண்டாள். அவர் ஆர்ச்செத்ரிக்குத் திரும்பிச் சில மாதங்களில், 1634 ஏப்ரலில், 33 வயதில் இறந்துபோனாள். இந்த இடத்தை நான் வேகமாகக் கடப்பதில்லை.

கலிலியோ தப்பே செய்யவில்லையா?

செய்தார், அதையும் சொல்லுங்கள். கடலில் ஏற்ற வற்றம் வருவதே பூமி நகர்வதற்குச் சான்று என்று நம்பினார். நிலாவே காரணம் என்று அவர் காலத்து ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் சொன்னதை ஒதுக்கிவிட்டார். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் 1609இலேயே வெளியிட்டும், வட்டத்தைவிட்டு வரவில்லை.

சனிக்கோளைப் பார்த்து மூன்று உருண்டைகள் ஒட்டி நிற்பதாக 1610இல் நினைத்தார். 1612இல் பக்கத்து இரண்டும் மறைந்ததும் திகைத்துப்போனார். அது வளையம் என்று ஹைஜென்ஸ் விளக்க 1650கள் ஆயின. 1612 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் வியாழனுக்கு அருகே ஒரு புள்ளியை நட்சத்திரம் என்று குறித்துவைத்தார். அது நெப்டியூன். இன்னும் 234 ஆண்டுகள் கழித்து, 1846இல் கண்டுபிடிக்கப்பட இருந்த கோள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அடுத்த வாரமே நோட்டுப் புத்தகத்தோடு வந்து, தெரிவதையெல்லாம் குறிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவர் இறந்த அன்றே நியூட்டன் பிறந்தாரா?

இல்லை. "அதே ஆண்டு" என்பதும் இரண்டு நாட்காட்டிகளைக் கலப்பதால் வருவது. இங்கிலாந்தின் பழைய நாட்காட்டியில் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இத்தாலியில் இருந்த புதிய நாட்காட்டியில் அது 1643 ஜனவரி 4.

எங்களிடம் தொலைநோக்கி இல்லை. வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பத்து மடங்கு பைனாகுலர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மாடிக் கைப்பிடிச்சுவரில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் அழுத்தி வைத்துப் பார்த்தால் வியாழனின் நிலவுகள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். சில நாள் நான்கு, சில நாள் மூன்று. கையில் பிடித்தால் ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய 13 மாதங்களுக்கு ஒருமுறை வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும். அதை ஒட்டிய வாரங்களில் இரவு முழுதும் தெரியும்.

கலிலியோவின் தொலைநோக்கியே ரொம்பக் குறுகலான பார்வை கொண்டது. முழு நிலாவில் கால்பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும்.

முடிந்தால் ஒருமுறை ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1972 ஜூனில் கானிமீட் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனதை அங்கிருந்து பதிவு செய்தார்கள். கலிலியோ புள்ளியாகப் பார்த்த அதே நிலவு.

பள்ளியில் ஒரே ஒரு பீரியட்தான் கொடுப்பார்கள். எதைச் சொல்வது?

மளிகைச் சீட்டுக்கு ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுக்க வியாழன். ஏழு, எட்டு, பத்தாம் தேதிக் குறிப்புகளைப் பலகையில் எழுதி, ஒன்பதாம் தேதிக்கு எதிரே மேகம் என்று போட்டுவிட்டு, சாக்பீஸைக் கீழே வையுங்கள். பிள்ளைகள் பேசட்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பதின்மூன்றாம் தேதியை எழுதுங்கள்.